ஆயர் மீனுக்கு மூன்று சாட்சிகள்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
27.05.2009

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் அலுவலகத்தாரும் நலமென நம்புகிறேன். நான் உயிரோடிருக்கிறேன். இதை எழுதித் தெரிவிக்க நேர்ந்ததற்குக் காரணம், கடந்த வெள்ளியன்று தங்கள் பத்திரிகையில் வெளியான மரண அறிவித்தல். வன்னியிலிருக்கும் என் தம்பி குகதாசன் இறந்துவிட்டதாகக் கூறும் அது, அவனைக் "காலஞ்சென்ற தில்லையம்பலத்தின் (கனடா) அன்புச் சகோதரன்" என்கிறது. தில்லையம்பலம் நான்தான். எங்கள் தந்தைக்குரிய 'காலஞ்சென்ற' என்ற சொல் என்மீது ஏறியிருக்கிறது.

அன்று மாலையே பதினொரு பேர் சாப்பாட்டோடு வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது நான். விட்பியிலிருந்து வந்த வேரோனிக்கா அன்ரி, "யேசுவே!" என்று இடியப்பத் தட்டோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அறிவித்தலைக் கொடுத்த ஒன்றுவிட்ட தம்பி, பிறம்ரனில் இருக்கும் ஜெயரட்ணத்தைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"குகதாசன் செத்ததைக் கண்ட ஆள் ஆர்?"

"எல்லாரும் கதைக்கினம், அண்ணை."

"எல்லாரும் எண்டால் ஆர்?"

"ஐயோ, எல்லாரும்தான். நீங்கள் செத்ததெண்டு நான் சொல்லேல்லை, அது பேப்பர்காரன்ர வேலை!"

நான் நூலகமொன்றில் பழைய நூல்களைப் பட்டியலிடுபவன். இப்போது என் மேசையிலிருப்பது நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய விந்தைகளின் நூல்: இருதலைக் கன்று, இரத்த மழை, கிறிஸ்தவ ஆயரின் அங்கியும் முடியும் தரித்துக் கரையொதுங்கிய ஒரு மீன். அத்தனையும் அபத்தம். ஆயினும் அந்த மீனுக்கு நாள், இடம், மூன்று சாட்சிகளின் பெயர் உண்டு; கண்டவர் பெயர் கிடைக்காத எதையும் சேர்ப்பதில்லை என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். மீனுக்குக் காட்டிய கவனத்தை என் தம்பிக்கும் காட்டியிருக்கலாம்.

ஒரே வரியில் இருவரைக் கொன்றிருக்கிறீர்கள். ஒருவன் இதோ கடிதம் எழுதுகிறான். ஆகவே மற்றவனும் ஏதோவொரு அகதி முகாமில் வரிசையில் நிற்கிறான். பொறுமையில்லாதவன், முன்னால் நிற்பவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பான். "உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்" என்று முடித்திருக்கிறீர்கள். உறவினன் என்ற முறையில் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. வயதும் பிழை: அவனுக்கு நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு அல்ல. வரும் வெள்ளியன்று திருத்தம் வெளியிடுக.

தங்கள் பணி பிழையின்றித் தொடர வாழ்த்தும்,
பொன்னம்பலம் தில்லையம்பலம்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தம்பியின் மனைவி யோகமலர் முகாமிலிருந்து யாருடையதோ கைத்தொலைபேசியில் பேசினாள். கண்ட ஆள் ஆர் என்று அவளிடமும் கேட்டேன். "நான்தான் அத்தான் கண்டனான். நான்தான் என்ர சீலையால மூடினனான்."

சாட்சி: யோகமலர். இடம்: முள்ளிவாய்க்கால் கரை. நாள்: மே 15. ஒரு சாட்சி போதும்.

திருத்தம் வேண்டாம். அறிவித்தலையே மீண்டும் வெளியிடுங்கள். வயதை மட்டும் நாற்பத்துமூன்று ஆக்குங்கள். என் பெயருக்கு முன்னுள்ள சொல்லை எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி.