போன வருஷக் கார்டே தேவலை

எது மாறினாலும் முதலில் மூக்கைச் சுளித்துவிட்டுப் பிறகு கண்ணைத் திறந்து பார்க்கிறவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். இவர்களைப் போன வருஷக்காரர்கள் என்று சொல்லலாம். எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இந்த இனம் கொழுகொழுவென்று வளர்வதைப் பார்க்க வேண்டுமானால், அமெரிக்காவில் இந்தியானாவின் கொகோமோ ஊருக்கு, கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகளைச் சேகரிக்கிறவர்கள் கூடும் டார்லீன் அம்மாளின் கடைக்கு வர வேண்டும்.

அங்கே வெண்டல் க்ரோகர் இருப்பார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். ஆண்டுக்கொரு முறை கம்பெனியின் உசத்தியான கார்டுப் பெட்டி வெளிவருகிற சனிக்கிழமை, ஆட்டக்காரரின் கையெழுத்தும் அவர் போட்டு ஆடிய சட்டையின் துணுக்கும் பதித்த அந்தக் கார்டுகளை, கடை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லாருமாகத்தான் பிரிப்பார்கள். யார் பெட்டியில் எந்த ஆட்டக்காரர் வருவார் என்பது பிரித்தால்தான் தெரியும். பிரித்ததும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வெண்டல் கார்டை விளக்கொளியில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு எப்படி இருக்கும்? நல்லதாக ஒரு வருஷமும் இருந்ததில்லை.

போன வருஷம் கம்பெனிக்காரன் கையெழுத்தைக் குறுக்குவாட்டில் போட்டுவிட்டான். இது கார்டா சவப்பெட்டியா என்று வெண்டல் கேட்ட கேள்வியில் மேஜையே கலங்கிப்போயிற்று. எல்லாரையும்விட அதிகமாகக் கலங்கியவர் ஹார்லன் ப்ரூட். குழாய் ரிப்பேர்காரர், பாவம், நம்பிக்கை மிகுந்தவர். அவர் தெருவிலேயே பந்து தட்டி வளர்ந்து பெரிய ஆட்டக்காரனான ஒரு பையனின் கையெழுத்துக் கார்டு அன்று அவருக்குத்தான் வந்திருந்தது. சவப்பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்வானேன் என்று, ஓஹையோவிலிருந்து வந்த பல் டாக்டரிடம் அதைத் தள்ளிவிட்டு ஏதோ பழங்கார்டுகளை வாங்கிக்கொண்டார்.

இந்த வருஷம் கையெழுத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டார்கள். தங்க ஓரம் வெள்ளியாகிவிட்டது. சதுரமாக இருந்த சட்டைத் துணுக்கு வட்டமாகிவிட்டது. முதல் கார்டைப் பார்த்ததும் வெண்டல் தலையிலடித்துக்கொண்டார்.

"கார்டுன்னா போன வருஷம் வந்துதே, அதான் கார்டு. கையெழுத்து எவ்வளவு நிம்மதியா படுத்திருந்தது!"

ஹார்லன் மெல்ல நிமிர்ந்தார். "சவப்பெட்டின்னு சொன்னியேப்பா. அதக் கேட்டுத்தானே அந்தப் பையன் கார்டை டாக்டர் கையில கொடுத்தேன். இப்ப கெஞ்சிக் கேட்டாலும் திருப்பித் தரமாட்டேங்கறார்."

"நான் சொன்னது ஓரத்தைப் பத்தி," என்றார் வெண்டல். இந்த இனத்துக்கு ஞாபகமறதி கிடையாது. வேண்டிய ஞாபகத்தை அவ்வப்போது தயாரித்துக்கொள்வார்கள்.

பேச்சை மாற்ற அவர் தன் பெட்டியின் கடைசி உறையைப் பிரித்தார். அதிலிருந்து வந்தது அந்தப் பையனேதான், நெட்டுக்குத்தான கையெழுத்தோடு, வெள்ளி ஓரத்தோடு. வெண்டலின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. உண்மையில் அவ்வளவு அழகாயிருந்தது. ஆனால் பழகின வாய் சும்மா இருக்குமா?

"சுத்தக் குப்பை."

"குப்பைதானே," என்று ஹார்லன் கையை நீட்டினார். "எனக்குக் கொடுத்துடு. என் பெட்டியில வந்ததுல எது வேணுமோ எடுத்துக்கோ."

டார்லீன் அம்மாள் கல்லாவைவிட்டு எட்டிப் பார்த்தாள். மேஜை முழுதும் வெண்டலையே பார்த்தது. கார்டை வைத்துக்கொண்டால் இத்தனை வருஷத் தீர்ப்புகளும் போச்சு. தீர்ப்பைக் காப்பாற்றினால் கார்டு போச்சு. பாவம், வெண்டலின் விரல்கள் அந்தக் கார்டை விடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டன. கொடுத்துவிட்டார். ஹார்லன் அதைக் கெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கொஞ்சங்கூடக் கேலியில்லாமல், "இனிமே நீ எதைத் திட்டறியோ அதத்தான் வெச்சுக்கப் போறேன்," என்றார். வெண்டல் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள மிகவும் முயன்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்து முடித்ததும், 'இதை எழுதின ஆள் முன்னெல்லாம் நன்றாக எழுதுவான்' என்று தோன்றுகிறதா? முன்னே எழுதியதைப் படித்தபோது என்ன சொன்னீர்கள் என்று வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.