வடையும் வாக்குமூலமும்

சாகும் நேரத்தில் உண்மையைச் சொல்வது சுலபம். சொல்லிவிட்டுச் சாகாமல் இருப்பதுதான் கஷ்டம். எனக்கு அந்த அனுபவம் உண்டு.

2009இல் எனக்கு நாற்பத்தேழு வயது. கடலூரில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கிற வேலை. சட்டையின் நடுப் பொத்தான் மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஓடுங்கள் என்றார் டாக்டர். மறுநாளே வெள்ளை ஷூ வாங்கினேன்.

தினமும் காலையில் சில்வர் பீச்சுக்குப் போய் ஓடுவேன். (ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். நடந்து போகிறவர்கள் என்னை முந்திப் போனார்கள்.) ஓடி முடித்ததும் அங்கிருந்த டீக்கடையில் சூடாக இரண்டு உளுந்து வடை. சட்னி தனிக் கணக்கில் வராது. மூன்று மாதத்தில் மூன்று கிலோ ஏறினேன். "ஓடுனா எடை கொறையும்னுதானே சொன்னாங்க?" என்று என் மனைவி செல்வி குழம்பினாள். "அதெல்லாம் தசை" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் மாமியார் வீட்டுக்குப் போனோம். செல்வியின் தம்பி ஞானசேகர் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். "ஓடுனா மட்டும் பத்தாது மாமா, தண்டால் எடுக்கணும்" என்றான். மாமியார், சகலை, கொழுந்தியாள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். மானப் பிரச்சினை. இருபத்தைந்து எடுத்தேன். கடைசி ஐந்தை எப்படி எடுத்தேன் என்பது நினைவில் இல்லை.

மறுநாள் விடிந்ததும் நானும் அவனும் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் ஓடக் கிளம்பினோம். எழுந்தபோதே நெஞ்சு கனத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவது வீதி முடிந்து திரும்பும்போது நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். கை தூக்க முடியவில்லை. ஒரு கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மச்சான், போறேன்டா."

"எங்க மாமா போறீங்க? இன்னும் ஒரு வீதி பாக்கி இருக்கு."

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். ஆட்டோவைப் பிடித்துப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். தலைகூட வாராமல் செல்வி ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொங்கியது. மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்தைப் பார்க்காமலே போகிறேனே என்றிருந்தது. பொய்யோடு போகக் கூடாது என்று தோன்றியது.

"செல்வி, உனக்குத் துரோகம் பண்ணிட்டேன். மூணு மாசமா. தெனமும் பீச்சுல."

அவள் முகம் வெளுத்தது. என் கையை விட்டாள். "யாரு அவ?"

"அவ இல்ல… வடை."

"என்னது?"

"உளுந்து வடை. தெனம் ரெண்டு. ஞாயித்துக்கெழம நாலு."

ஒயரைக் கழற்ற வந்த நர்ஸ் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது.

டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்தார். என் மார்பின் ஓரத்தில் விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். அலறினேன். "நேத்து என்ன செஞ்சீங்க?"

"இருபத்தஞ்சு தண்டால் சார்."

"அதுக்கு முன்னாடி எப்ப எடுத்தீங்க?"

"பத்தாங்கிளாஸ்ல."

"இதயம் நல்லா இருக்கு. சதைதான் புடிச்சிருக்கு. வீட்டுக்குப் போங்க" என்றார். அந்த 'வீட்டுக்குப் போங்க' போல இனிமையான சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகிவிட்டது. "பொம்பளையோன்னு பயந்தே போயிட்டேங்க" என்றாள். நான் உயிர் பிழைத்ததில் அவளுக்கு அதிக நிம்மதியா, வடை என்று தெரிந்ததில் அதிக நிம்மதியா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மறுவாரத்திலிருந்து பீச்சுக்கு அவளும் கூட வந்தாள். ஒரு வருஷத்தில் எட்டு கிலோ குறைந்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து வடைக்குப் பெயர் 'சின்ன வீடு'.

2012இல் மகள் கல்யாணம். முதல் பந்தியில் சம்பந்தி பக்கத்தில் கௌரவமாக உட்கார்ந்திருந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த ஞானசேகர் மண்டபமே கேட்கக் குரல் கொடுத்தான்: "மாமாவுக்குச் சின்ன வீடு ஒண்ணு வைங்கப்பா!"

பிசைந்த சாதத்தோடு சம்பந்தியின் கை அப்படியே நின்றுவிட்டது. எதிர் வரிசையிலிருந்து செல்விதான் நிதானமாகச் சொன்னாள்: "அது எனக்குத் தெரிஞ்ச வெவகாரந்தாங்க சம்பந்தி. நீங்க சாப்பிடுங்க."