ஆதிகாலத்தாரின் கொள்ளுப்பாட்டி

ஆதிகாலத்தார் என்றொரு இனம் உண்டு. விளக்கேற்றினால் மனிதன் நெருப்பைக் கண்ட கதையை ஆரம்பிப்பார்கள். கை கழுவப் போனால் தண்ணீரின் வரலாறு. எதையும் தொடக்கத்திலிருந்து சொல்லாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது.

நம் கதையின் ஆதிகாலத்தார் காப்பீட்டு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். படிவத்தில் தகப்பனார் பெயர் விடுபட்டிருந்தால், "அப்பன் பேரே சொல்லத் தெரியலை, உங்களுக்கு எதுக்குங்க பாலிசி?" என்று திருப்பி அனுப்புகிற கண்டிப்புக்காரர்.

அம்மா இறந்து ஓராண்டு ஆனதும், தங்கையோடு ஆற்றங்கரைக்குத் திதி கொடுக்கக் கிளம்பினார். பேருந்தில் ஐந்து மணி நேரம். வேள்வி நடத்த வசதியில்லாதவனுக்கு ஆற்று முழுக்கே வேள்வியானது எப்படி, வீட்டு முற்றத்தில் வைத்த பிண்டம் படித்துறைக்கு இடம் மாறியது எதனால், முன்னோர்கள் குறிப்பிட்ட சில ஊர்களில் மட்டும் வந்து காத்திருப்பது ஏன் என்றெல்லாம் இவர் விளக்க, நடத்துநர் வரைக்கும் எல்லோரும் தெளிவு பெற்றார்கள். பக்கத்து இருக்கைக்காரர் தன் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டார். பாவம், நடந்திருப்பார்.

தங்கைக்கு வரலாறு வேண்டாம். அம்மா கடைசிவரை கேட்டது ஒன்றுதான்: "உங்கப்பாவோட பாட்டிக்கு யாரும் பேர் சொல்லித் தண்ணி விட்டதே இல்லை. நீங்களாவது விடுங்க." அது நடந்தால் போதும்.

படித்துறையில் புரோகிதர் ஒவ்வொரு பெயராகக் கேட்டார். அப்பா, தாத்தா, அம்மா, பாட்டி என்று எல்லாம் தடையின்றி வந்தன.

"அப்பாவோட பாட்டி பேரு?"

ஆதிகாலத்தார் தங்கையைப் பார்த்தார்.

"என்னை ஏண்ணா பாக்கறே? அம்மா உனக்குத்தானே போன் பண்ணிச் சொன்னாங்க."

சொன்னாள்தான். "எழுதிக்கோடா" என்று அம்மா ஆரம்பித்ததும், பெயர் சொல்லி நீர் விடும் வழக்கம் எப்படிப் பிறந்தது என்று இவர் நாற்பது நிமிடம் விளக்கினார். ஒரு சொல்கூட மறக்கவில்லை, தான் பேசியதில். நடுவில் அம்மா ஏதோ பெயர் சொன்ன மாதிரி இருந்தது. அதன் மேலேயேதான் இவர் பேசிக்கொண்டு போனார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்குத்தான்" என்றாள் தங்கை.

புரோகிதர் இரக்கப்பட்டார். பேர் தெரியாதவர்களுக்கென்று பொதுப் பேர் ஒன்று உண்டு, அதைச் சொல்லிவிடலாம் என்றார். அலுவலகமாக இருந்தால் படிவம் திரும்பியிருக்கும். ஆறு வாங்கிக்கொண்டது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆதிகாலத்தார் தொண்டையைச் செருமினார். "இந்தப் பொதுப் பேர் வழக்கம் எப்ப வந்துச்சுன்னா..."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் அப்பாவின் பாட்டி பெயர் என்ன? தெரிந்தவர் யாராவது இன்னும் இருந்தால் உடனே ஒரு போன் போடுங்கள். போட்டபின், தயவுசெய்து, அவரைப் பேச விடுங்கள்.