பஞ்சாங்கம் தராத வடை

விழுப்புரம் ஜங்ஷனில் பசியோடு வருகிறவனைப் பசியோடே திருப்பியனுப்பிய ஒரே வடைக்காரர் பஞ்சாங்கம்தான். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பதும் தெரியாது. ஆனால் பிளாட்பாரத்தில் யாருக்கு என்றைக்கு விரதம் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

அது யுத்த காலம். நான் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. என் நெற்றியில் நாமம் இருந்ததால், ஏகாதசியன்று தட்டை என் பக்கமே நீட்ட மாட்டார்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்க" என்பேன்.

"பெருமாள் பாத்துக்கினு இருக்காரு. ஜல்தி போய் தண்ணி குடிங்க."

ரயில் கார்டு அந்தோணி தவக்காலத்துக்குக் காப்பியை விட்டுவிட்டதாக ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதோடு சரி, ஈஸ்டர் வரை பஞ்சாங்கத்திடம் அவருக்குக் காப்பி கிடையாது. டிக்கெட் கலெக்டர் கரீம் பாய் ஒருவர்தான் நல்ல பிள்ளை. நோன்பு மாதப் பகலில் வடைப் பக்கமே வரமாட்டார். பொழுது சாய்ந்ததும் நோன்பு திறக்க அவருக்குச் சூடாகப் பொட்டலம் போகும்.

வினை திருச்சி ரயிலில் வந்தது. ரம்ஜான் மாதப் பகலில், தொப்பி போட்ட வியாபாரி ஒருவர் ஜன்னல் வழியே வடை கேட்டார். "நோன்பு நாளுங்க பாய், தரமாட்டேன்" என்று பஞ்சாங்கம் நகர்ந்துவிட்டார். பிரயாணிகளுக்கு நோன்பில் சலுகை உண்டென்பது அவருக்குத் தெரியாது. முஸ்லிம் என்பதால் வடை தர மறுத்தான் என்று மேலிடத்துக்குப் புகார் போயிற்று. லைசென்ஸ் போனால் மனிதருக்கு வேறு பிழைப்பில்லை.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நாங்கள் மூவரும் சாட்சி.

"துவேஷமெல்லாம் இல்லீங்க சார். எங்க வாப்பாகூட என் நோன்ப இவ்ளோ கவனிச்சதில்ல" என்றார் கரீம் பாய். அந்தோணி காப்பிக் கதையைச் சொன்னார். நான் ஏகாதசியன்று வடைக்குக் கெஞ்சியதை வெட்கத்தை விட்டு ஒப்புக்கொண்டேன். அதிகாரியின் முகம் இளகியது.

"அப்படி என்னய்யா வடை? ஒண்ணு குடு, பாப்போம்."

பஞ்சாங்கம் அவர் நெற்றியைப் பார்த்தார். அங்கேயும் நாமம்.

"இன்னிக்கி ஏகாதசிங்க. நாளைக்குக் காலைல வாங்க, தர்றேன்."

அதிகாரிக்குக் காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகம் வந்திருக்க வேண்டும். அசடு வழியச் சிரித்தார். இனிமேல் பிரயாணிகளை விசாரித்து வியாபாரம் செய்யும்படி சொல்லிவிட்டுப் புகாரை மூடினார். அதன்பிறகு நோன்பு மாதத்தில் தொப்பியோடு வந்த ஒவ்வொருவரும், "உள்ளூருங்களா, பிரயாணமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் வடை வாங்க வேண்டியிருந்தது.

பிறகு என்னைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஏகாதசியன்று மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன், கேட்க ஆளில்லை. மறுநாள் காலை ரயிலிலிருந்து அந்தோணி இறங்கி ஒரு பொட்டலத்தை நீட்டினார். வாழை இலைக்குள் வடை, இன்னும் முழுதாக ஆறவில்லை.

"நேத்தெல்லாம் பட்டினியா இருந்திருப்பாரு, மொதல்ல இத்தக் குடுங்கன்னாரு பஞ்சாங்கம்."

அடுத்த ஏகாதசியிலிருந்து நான் விரதம் இருக்கிறேன். பெருமாளுக்காக என்று சொன்னால் அது பொய்.