இந்தா சாருக்கு மதிப்பெண் போட வந்த அம்மாள்

செஞ்சிக் கோட்டைக்குள்ளிருந்து முற்றுகையை ஏய்த்துத் தப்பி ஓடியவர்கள் சரித்திரத்தில் உண்டு. எங்கள் இந்தா சாரிடமிருந்து தப்பியவர்கள் சரித்திரத்திலும் இல்லை, செஞ்சியிலும் இல்லை.

அறுபதுகளில் அந்த ஊர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் ட்ரில் மாஸ்டர். அவர் நூலகர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எதிரில் யார் வந்தாலும் ஒரு புத்தகத்தை நீட்டி "இந்தா" என்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்து நூலகர்கள் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். புத்தகம் தொலைந்தால் அவர்கள் தலைதானே உருளும்? இவரோ பூட்டையே தொலைத்தவர். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்து, ஜன்னல் வழியாக மாணவன் மடியில் புத்தகத்தைப் போடுவார். மேல்சித்தாமூர் ஜைனப் பையன் ஒருவனை மடக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டு முடிச்சிடுவ இல்ல?"

"ஆமா சார், எங்க வழக்கம் அது."

"அப்பறம் தூங்கற வரிக்கும் இன்னா பண்ணுவ? இந்தா, ரெண்டா எட்துனு போ."

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது எல்லோரும் ரொட்டி வாங்கி வந்தார்கள். இவர் காய்ச்சல்களைப் பற்றிய தலையணை கனப் புத்தகத்தோடு வந்தார். "பாதி வரிக்கும் படிங்க மாஸ்டர், போதும். அதுக்கு மேல பொழைக்காதவங்கள பத்தி இருக்குது," என்றார். மறுநாளே நான் மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் மனிதர் தற்காலிகப் பணியில் இருந்தார். வருஷா வருஷம் 'இந்த வருஷம் நிரந்தரம்' என்று சொல்லி இழுத்தடித்தார்கள். கடைசியில் ஒருநாள் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மெட்ராஸிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து அவர் வேலையை மதிப்பிடப் போகிறார், தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் வருஷ முடிவில் வீடு.

தலைமையாசிரியர் நல்லவர்தான். அதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார், அவ்வளவுதான். "இதோ பாருங்க, புஸ்தகம் ஒண்ணு கூட வெளிய இருக்கக் கூடாது. அழுக்கு இருக்கக் கூடாது. சத்தம் கூடாது. அவங்க பாக்கறது இதான்," என்று அடித்துச் சொன்னார்.

இந்தா சாருக்கு வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், கொடுத்த புத்தகங்களையெல்லாம் பிடுங்கி வந்தார். படித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்தும் பிடுங்கினார். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு இன்னொரு சிக்கல் தெரிந்தது. அலமாரிகள் போதவில்லை. எல்லாப் புத்தகங்களும் ஒரே சமயத்தில் உள்ளே இருந்ததே கிடையாது என்பதால், அதுவரை யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. மிச்சத்தை நான் ட்ரில் அறைப் பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டு அடுக்கினேன். உதறினால் உள்ளேயிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோல், கோயில் குங்குமம், பஸ் டிக்கெட் என்று கொட்டியது. துடைத்து, பழுப்புக் காகித அட்டை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தினோம்.

அதிகாரி ஒரு அம்மாள். பருத்திப் புடவை, கனத்த கண்ணாடி. அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"ரொம்ப சுத்தமா இருக்கு."

தலைமையாசிரியர் முகத்தில் சந்திரோதயம்.

"யாரும் தொடறதே இல்லையா? எல்லாப் புத்தகமும் இங்கயே இருக்கே, பசங்க கையில என்ன இருக்கு?"

சந்திரன் அஸ்தமித்தது. நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன், அவர் விட்டத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வைக்கச் சொன்னதே அவர்தான் என்று இந்தா சார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காட்டிக்கொடுக்க மனசு வராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மாள் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் விடுதிச் சமையல்காரி ஆரோக்கியம் கையில் கரண்டியோடு உள்ளே நுழைந்தாள்.

"சார், பாதில புடுங்கினு பூட்டீங்களே, அந்தப் பொண்ணு கெணத்துல வுழுந்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க. காலைலேர்ந்து கையே ஓடல. பருப்பு அடி புடிச்சிப் பூட்ச்சி."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். மாணவர், ஆசிரியர் தவிர யாருக்கும் புத்தகம் தரக் கூடாது என்பது விதி.

"இவங்களுக்குக் குடுக்கலாம்னு எங்க இருக்கு?" என்றார் அம்மாள்.

"எங்கியும் இல்லீங்க. கேட்டாங்க, குட்த்தேன்."

அம்மாள் ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பி, என்ன கதை என்று விசாரித்தார். ஆரோக்கியம் சொன்னாள். "அட, அதா? நான் படிச்சிருக்கேனே. அந்தப் பொண்ணு கிணத்துக்கிட்ட போறப்ப..."

"அம்மா, சொல்லாதீங்க."

இந்தா சார்தான். தன் வேலையைக் கையில் வைத்திருக்கும் அதிகாரியின் வாயை அடைத்துவிட்டு, அவர் பாட்டுக்குத் தொடர்ந்தார். "நீங்க சொல்லிட்டீங்கன்னா அப்பறம் அவங்க படிக்க மாட்டாங்க."

அம்மாள் பேனாவை மூடினார்.

"சரி, சொல்லலை. அந்தப் புத்தகத்தை எடுத்துக் குடுங்க. பசங்களுக்குச் சோறு வேணுமில்ல."

பிறகு தலைமையாசிரியரிடம் சொன்னார்: "எத்தனையோ நூலகம் பார்த்துட்டேன் சார். புத்தகத்தைத் திரும்ப வாங்கி வச்சுட்டாருன்னு நூலகரோட சண்டைக்கு ஆள் வந்து நிக்கிறதை இங்கதான் பார்க்கறேன். நான் பார்க்க வேண்டியது வேற ஒண்ணும் இல்லை."

அடிபிடித்த பருப்பைத்தான் அன்று எல்லோரும் சாப்பிட்டோம், அந்த அம்மாள் உட்பட.

கொஞ்ச நாளில் நிரந்தர உத்தரவு வந்தது. இந்தா சார் அதை நின்றபடியே படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வாத்தியார்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. அதனால் பக்கத்தில் போய்க் கையை நீட்டி, "படிக்க எதாவது குடுங்க சார்," என்றேன்.