கத்திரி வெயிலில் ஒரு கவாத்து

திருவண்ணாமலையில் கிளை நீட்டிய எதையும் என் மாமனார் வெட்டாமல் விட்டதில்லை. மலைக்குக் கிளை இல்லை, அதனால் தப்பித்தது.

ஊருக்கு அவர் 'கவாத்து'. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து பிள்ளைகளைக் கவாத்து பழக்கியதால் வந்த பெயர். ரிட்டயர் ஆனதும் பிள்ளைகளை விட்டுவிட்டுச் செடிகளைக் கவாத்து பண்ண ஆரம்பித்தார். பெயரை மாற்றும் சிரமம் யாருக்கும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைச் சுற்றிப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். வீட்டுக்கு வீடு ஒரு மல்லி, ஒரு செம்பருத்தி, ஒரு முருங்கை. மாமாவுக்கு அதெல்லாம் வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளைகள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் அப்பா இல்லை. மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் ஓர் இலை அசிங்கமாகத் தொங்குகிறதென்று நறுக்கப் போயிருந்தார். அந்தக் கோலத்திலும் ஒரு படம் இருக்கிறது. போட்டோகிராபருக்கு என்ன தோன்றியதோ.

அவரோடு வெளியே கிளம்புவதென்றாலே எனக்குக் கூச்சமாக இருக்கும். இடுப்பில் காக்கி உறை, அதற்குள் கவாத்துக் கத்திரி. போலீஸ்காரரே ஒருமுறை எழுந்து சல்யூட் வைத்துவிட்டு, என்ன என்று பார்த்து மறுபடி உட்கார்ந்தார். ஒரு நாள் விடிகாலையில் கிரிவலம் போனோம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு வாடகை வீட்டின் காகிதப்பூக்கொடி சுவரைத் தாண்டித் தெருவில் தொங்கியது. மாமா பஞ்சாட்சர ஜபத்தை நிறுத்திவிட்டுக் கத்திரியை எடுத்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த வெள்ளைக்கார அம்மாள், இது ஏதோ மலையைச் சுற்றுகிறவர்கள் செய்யும் சடங்கு என்று நினைத்துக் கைகூப்பி நின்றாள். மாமா அவளுக்கு டிரில் இங்கிலீஷில் பாடம் எடுத்தார். "ஸ்லான்ட் கட். வாட்டர் நோ சிட்டிங்." அந்த அம்மாள் கண்ணை மூடித் தலையாட்டினாள். யாரோ முன்பின் தெரியாத ஆள் என்கிற மாதிரி நான் எதிர்ப்பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

செடி விஷயத்தில் அவருக்கென்று சட்டங்கள் இருந்தன. மல்லியை மார்கழியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டு. மாமரத்தில் காய் இறங்கின கையோடு கை வை, பூவெடுக்கும் நேரத்தில் கிட்டவே போகாதே. பருத்த கிளையென்றால் முதலில் அடியில் ஒரு வெட்டு, அப்புறம் மேலே, இல்லாவிட்டால் பட்டை உரிந்துகொண்டு போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கத்திரி வெயிலில் கத்திரியைத் தொடாதே. அந்த அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் தெருச் செடிகள் நிம்மதியாக இருந்தன. எங்களுக்கும் ஓய்வு.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு வருஷம் நட்ட நடுக் கத்திரியில் பக்கத்து வீட்டு மனோரஞ்சிதத்தை அடியோடு வெட்டினார்.

அது டீச்சரம்மாவின் செடி. தனியாக இருந்தவர், வீடு கட்டிக் குடிவந்த வருஷம் வைத்தது. ஒரு பூவைப் பறித்துப் பீரோவில் போட்டால் புடவையெல்லாம் மணக்கும் என்பார். அது காம்பவுண்டைத் தாண்டி எங்கள் வாசல் நடைபாதை மேல் படர்ந்திருந்தது. லீவுக்கு அவர் வேலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் மாமா அதை மொட்டையாக்கிவிட்டார். நான் வெளியே வந்து பார்த்தபோது கட்டைதான் நின்றது.

பத்து நாளில் கட்டை காய்ந்துவிட்டது. மாமா வெட்டுவாயில் சாணி அப்பினார். தென்னை ஓலையில் பந்தல் போட்டார். ஈரச் சாக்கைச் சுற்றினார். ஒரு துளிர் இல்லை. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். குழாயடிக்குப் போகவே நான் அஞ்சினேன். என் கணவர், நர்சரியில் அதே மாதிரி ஒன்றை வாங்கி நட்டுவிடலாம், டீச்சருக்கு வித்தியாசம் தெரியாது என்றார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு நின்றது.

டீச்சர் ஊரிலிருந்து வந்த அன்று மாமா வெள்ளைப் பேண்ட், கேன்வாஸ் ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு அவர் கேட்டுக்கு முன்னால் அட்டென்ஷனில் நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன் டீச்சர்."

டீச்சர் கட்டையைப் பார்த்தார். ஓலைப் பந்தலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "அத குடுங்க மாஸ்டர்" என்றார். மாமா இடுப்பிலிருந்து கத்திரியை உறையோடு அவிழ்த்துக் கொடுத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

உள்ளே வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிவிட்டு நீங்களே இப்படிச் செய்யலாமா என்று கேட்டுவிட்டேன். அவர் ஷூ லேஸை அவிழ்த்தபடி குனிந்தே இருந்தார்.

"உன் தங்கச்சிய பொண்ணு பாக்க வந்தாங்கல்ல. அந்தச் செடியில கொக்கி கொக்கியா இருக்கும். வர்றவங்க பட்டுப்புடவ மாட்டிக் கிழிஞ்சா, உனக்குத்தானம்மா தலகுனிவு."

கீழ்பென்னாத்தூரில் என் அப்பா வீட்டுக் கூரை வேலை நடந்துகொண்டிருந்ததால், தங்கையை எங்கள் வீட்டில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். செடி வெட்டின மறுநாள் வந்தவர்கள் வாசல் சுத்தமாக இருக்கிறதென்று சொன்னார்கள். இடமும் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில், வெட்டின செடியையும் சுத்தமான வாசலையும் நான் ஒருநாளும் சேர்த்து யோசிக்கவில்லை. இப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கத்திரி போன பிறகு மாமா தோட்டத்துப் பக்கமே போகவில்லை. எங்கள் செம்பருத்தி ஜன்னலை மூடியது. தபால்காரர் அரளியை விலக்கிக்கொண்டு லெட்டர் போட்டார். தெருவில் முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தீபம் முடிந்து மார்கழி பிறந்ததும் மல்லிச்செடி வைத்திருந்த பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். "எனக்கு அந்த யோக்கியத இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு மாமா பேப்பரை விரித்துக்கொள்வார். பக்கம் திருப்பும் சத்தமே கேட்காது.

கத்திரியைப் பார்த்தாலே ஒளிந்துகொண்ட நான், அதைக் கேட்டு வாங்க டீச்சர் வீட்டுப் படியேறினேன். பெண் பார்த்த கதையைச் சொன்னேன்.

"செடி செத்துதான் போச்சு. இனிமே வராது. அதுக்குன்னு மனுஷனையும் காய விடறதா?" என்று டீச்சர் எழுந்துபோய்க் கத்திரியைக் கொண்டுவந்தார். துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். "என் முருங்கையில கம்பளிப்பூச்சி ஜாஸ்தியாயிடுச்சு. ஒடிக்க ஆளில்ல. நாளைக்கு வரச் சொல்லு. ஆனா வெட்டறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும்."

மறுநாள் மாமா ஒவ்வொரு கொப்புக்கும் "இத எடுக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். அவர் தலையசைத்த பிறகே வெட்டினார். அரை மணி வேலை மதியம்வரை நீண்டது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் தலையெல்லாம் முருங்கை இலை, கழுத்தில் கம்பளிப்பூச்சி அரிப்பு. தெருவில் போன யாரோ, மேலே யார் என்று விசாரித்தார்கள்.

"எங்க மாமா" என்றேன், மேலே இருப்பவருக்கும் கேட்கும்படியாக.