ஏழு நாள் முதலாளிகள்

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

தம்பி மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம்; உங்கள்மேல் அப்பாவுக்கு உள்ள கோபமும் சௌக்கியம். பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அப்பா சொல்லித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் உங்களுக்கு இடம் கொடுத்தது போலாகிவிடுமாம்.

வருஷத்துக்கு ஒரு வாரம் நமக்கு என்று நீங்களும் அப்பாவும் சேர்ந்து வாங்கினீர்களே, அந்த ஏரிக்கரை விடுதி வீடு, அதை நடத்தும் கம்பெனியிலிருந்து தபால் வந்திருக்கிறது. கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள இயக்குநர் குழு அனுமதி கொடுத்துவிட்டதாம். விருப்பம் இருந்தால் விற்கலாம், அப்போது கூடவே வாங்கிய நம் நூறு பங்கும் உங்கள் இருவர் பெயரில் இருப்பதால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை அக்கா படித்துச் சொன்னார். கேட்டதும் அப்பா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “துரத்துறாங்கம்மா. உன் பெரியப்பன் குழாய் ஒழுகுதுன்னு எழுதி வச்சான் பாரு, அது மேலிடம் வரைக்கும் போயிடுச்சு.” “எல்லாருக்கும்தான்பா அனுப்பியிருக்காங்க” என்றேன். “எல்லார் வீட்டுலயும் ஒரு அண்ணன் இருந்திருப்பான்” என்றார்.

அந்தச் சண்டையை யார் மறப்பார்கள்? விடுதியின் கருத்துப் புத்தகத்தில் நீங்கள் குறை எழுத, “நம்ம கம்பெனியை நாமளே குறை சொன்னா பங்கு விலை விழுந்துடாதா?” என்று அப்பா அதை அடித்துவிட்டு ‘குழாய் மிக அருமை’ என்று எழுத, “நான் எழுதினதை அடிக்க நீ யாருடா?” “பாதி முதலாளி!” “அப்ப பாதியை மட்டும் அடி!” என்று வரவேற்பறையே கூடிவிட்டது. அதற்கு முந்திய வருஷங்கள்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. இரண்டு அறையில் ஒன்பது பேர் படுத்தோம். நீங்கள் இருவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி மேற்பார்வை போவீர்கள், வழியில் எரியும் விளக்கையெல்லாம் அணைத்து “லாபம்!” என்பீர்கள், பின்னால் வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். கேட்க வாய் வராமல் உட்கார்ந்திருக்கும் எனக்காக, “முதலாளி வீட்டுப் பொண்ணுக்கு இன்னொரு கிண்ணம் ஐஸ்கிரீம்!” என்று நீங்கள் கூவ, நான் வெட்கத்தில் மேஜைக்கு அடியில் போய்விடுவேன். கிண்ணம் அங்கேயே வந்து சேரும்.

மூன்று வருஷமாக நம் வாரத்தில் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் வருவீர்கள் என்று அப்பா போவதில்லை. அப்பா வருவார் என்று நீங்கள் போவதில்லையாம், பெரியம்மா சொன்னார்கள். பங்கு வேறு, வாரம் வேறு, பங்கை விற்றாலும் வாரம் நம்முடையதுதான் என்று அப்பாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். “ரெண்டும் வேண்டாம். அவனோட சேர்ந்து என் பேர் எதிலயும் இருக்கக் கூடாது” என்கிறார்.

ஆகவே இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்திட்டு உடனே தபாலில் அனுப்பும்படி அப்பா சார்பில் கேட்டுக்கொள்கிறேன். பெரியம்மாவுக்கும் அண்ணன்களுக்கும் என் அன்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து நின்றார். “அவன் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டான்னா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். படிவத்தை வெளியே எடுத்துவிட்டேன். நம் வாரம் வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அப்பாவையும் படிவத்தையும் அங்கே கூட்டி வருகிறேன். நீங்களும் கையெழுத்துப் போட வந்துவிடுங்கள். பேனா மட்டும் கொண்டுவர வேண்டாம்.